எல்லைக்கோட்டு நூல்

காஞ்சி மாநகரப் பெருமக்கள் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: ஆசியாவின் மின்னல், பிள்ளையார்பாளையம் திருஞானசம்பந்தம், 1970இல் சிங்கப்பூர் பந்தயத்தில் நூறு மீட்டர் ஓடினான்.

தொண்ணூற்றைந்து மீட்டர் வரை அவன்தான் முதல். எதிரே எல்லைக்கோட்டில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. நூலுக்கு அப்பால், போன மாதம் செத்துப்போன அவன் அப்பா நின்றிருந்தார். தறிக்காகத் தெருவில் நீட்டியிருந்த பட்டுப் பாவு நூல்களை நோக்கி எட்டு வயதில் அவன் ஓடிவந்தபோது அவர் கத்திய அதே கத்தல்: "டேய், நூல அறுத்துடாதடா!"

கால்கள் நின்றுவிட்டன.

ஊர் திரும்பியதும் நெசவாளர் சங்கத் தலைவர் அவனுக்கு மாலை போட்டுக்கொண்டே கேட்டார்: "இன்னாப்பா, ஏன் நின்ன?"

"அப்பா நின்னுக்கினு இருந்தாரு."

"உங்கப்பாவா? எங்க?"

"இப்பவும்தான் நிக்கிறாரு. உங்க பின்னாடி."

தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாராட்டுரையை அவசரமாக முடித்தார்.

பந்தயத்தில் ஓடியவர்கள் எட்டுப் பேர். அவன் எட்டாவது.