தேங்காய்ச் சில்லில் செதுக்கிய கோரைப்பல்

ஊரில் என்னைக் கோபக்காரன் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நன்றி கெட்டவன் என்று மட்டும் எவனாவது சொன்னால் சட்டையைப் பிடிப்பேன்.

எண்பத்து நான்காம் வருஷம். கீழ்வேளூர் பக்கம் அறுவடைக் கூலிக்காக மறியல் நடந்துகொண்டிருந்தது. என் சேக்காளி அப்துல் மஜீது துபாயிலிருந்து ஒரு கித்தாரும் ஒரு ராக் கேசட்டும் கொண்டுவந்தான். கேசட் அட்டையில் கறுப்பு அங்கி போட்ட ஒருவன், கோரைப்பல், வாயோரம் ரத்தம்.

"வெள்ளைக்காரன் ரத்தக்காட்டேரியை வெச்சே பாட்டுப் பாடறான் மருதையா!" என்றான் மஜீது.

அட, நம்மூரிலேயே ஒன்று இருக்கிறதே! பண்ணைக் காரியக்காரர் குஞ்சிதபாதம். கூலி நெல்லை மரக்காலில் தலைவழித்துத்தான் அளப்பார். ஒரு மணி கூடுதலாக விழாது. அவர் பேரிலேயே பாட்டுக் கட்டினோம். குடைத்துணியில் அங்கி தைத்தோம், தேங்காய்ச் சில்லில் பல் செதுக்கினோம்.

கூலிக்காரர் சங்கக் கூட்டத்தன்று காலையில் என் மனைவி ராஜாத்திக்கு வலி எடுத்தது. நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "தலைப்பிள்ளை, நாளைக்குத்தான் ஆகும்" என்றார் நர்ஸம்மா. அதை நம்பி மேடைக்கு வந்தேன், மடையன்.

பொழுது சாயும் நேரம். மஜீது கித்தாரை அடிக்க, "குஞ்சிதபாதம் குடிக்கிறாரு ரத்தம்" என்று நான் துள்ளிக் குதித்தேன். விசில் பறந்தது. அந்த மனிதரே வேப்பமரத்தடியில் நின்று, கூட்டத்துக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மைத்துனன் வேம்பு சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மேடைக்கு ஓடிவந்தான்.

"மாமா, பொண்ணு பொறந்துருச்சு. அக்காவுக்கு ரத்தம் நிக்கல. ஓ பாசிட்டிவ் உடனே வேணுமாம். என்னோடது சேரல."

மைக்கில் கத்தினேன். "ரத்தம் வேணும்! யாராவது ரத்தம் குடுங்க!"

கூட்டம் கைதட்டியது. "காட்டேரிக்குப் பசி வந்துருச்சு டோய்!" என்றது ஒரு குரல். நான் அழ அழ இன்னும் சிரித்தார்கள். பல்லைப் பிடுங்கி எறிந்தேன்.

"அடப் பாவிங்களா, இது பாட்டு இல்ல! ராஜாத்தி சாகக் கெடக்கா!"

சிரிப்பு நின்றது. ஆனால் யாரும் நகரவில்லை. ரத்தம் கொடுத்தால் தெம்பு போய்விடும், அப்புறம் வயலில் இறங்க முடியாது என்ற பயம் அன்றைக்கு எல்லாருக்கும் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு குஞ்சிதபாதம்தான் வந்தார்.

"என்னோடது அந்த குரூப்புதான். பண்ணை ஜீப் நிக்குது, ஏறு."

நான் அங்கியோடு அவரையே பார்த்தேன்.

"ஏண்டா முழிக்கிறே? இவ்வளவு நேரம் நான் குடிக்கிறேன்னு பாடினே. இன்னிக்கு என்னோடதைக் குடிச்சுக்க, வா."

அவர் ஏறியதைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஏறினார்கள். ராஜாத்தி பிழைத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் காலில் விழப்போனேன்.

"எந்திரிடா. சங்கத்துக்காரன் கால்ல விழலாமா? நாளைக்குக் கூலிப் பேச்சு இருக்கு. அங்க உன்னை விடமாட்டேன்."

விடவும் இல்லை. அரை மரக்காலுக்கு அரைநாள் சண்டை போட்டார், மகராசன். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த வருஷமும் அதே மேடை, அதே பாட்டு. பண்ணை முதலாளியை ஒரு வரி விடாமல் கிழித்தேன். குஞ்சிதபாதம் பெயர் வரும் இடத்தில் மட்டும் நான் பாட்டை நிறுத்திவிடுவேன், மஜீது வெறும் கித்தாரை வாசிப்பான். நான் அங்கியும் கோரைப்பல்லுமாக, அவர் நிற்கும் வேப்பமரத்துப் பக்கம் திரும்பிக் கைகூப்பி நிற்பேன். முன்வரிசையில் ராஜாத்தியும் பிள்ளையின் கைகளைச் சேர்த்துக் கும்பிட வைப்பாள்.