பூஜ்யத்துக்குக் கீழே

புதுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசைமேல் சின்னவள் வைக்கவில்லை, போட்டாள். தட்டுகள் எடுத்த ஈரம் இன்னும் காயாத மேசை. எதிரே அத்தான் தன் பழைய புத்தகத்தைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர் அவர். ஒரு நிமிடம் பிந்தினாலும் சிவப்பு மையால் எழுதுகிற கை.

எட்டு வருடமாக ஞாயிறு மதியங்களில் இந்த வீட்டில் அந்த ஆட்டம் நடந்தது. காகிதம், பென்சில், பகடை, அத்தானின் அந்தப் பழைய விதிப்புத்தகம். அத்தான் கதையை நடத்துவார். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இருப்பார்கள். சின்னவள் பூட்டுடைக்கும் திருடி. அக்கா விளக்கேந்தி. அத்தானோடு வேலை பார்க்கும் மெக்கானிக், எல்லோரும் ஸ்பானர் என்று கூப்பிடுகிற ஆள், வில்லாளி. நாலு மாதத்துக்கு முன் ஒரு சுரங்கத்தில் திருடியின் உயிர்ப்புள்ளி பூஜ்யமானது. "செத்துட்டா" என்றார் அத்தான், பேருந்து போய்விட்டது என்கிற அதே குரலில். அன்று எழுந்து போனவள் இன்றுதான் படியேறியிருக்கிறாள். தான் வேலை பார்க்கும், பல் செட் செய்யும் கூடத்தில் உட்கார்ந்து மெழுகைச் சுரண்டும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டே இருந்தாள். யாருக்கோ செய்த கடைவாய்ப்பல் இரண்டு முறை பாழானது.

"மூணாம் பதிப்பு. இதுல பூஜ்யம்னா சாவு இல்ல. மூணு தடவ பகடை போடலாம். பொழைக்க வழி இருக்கு" என்றாள் சின்னவள்.

"சாவே வராத ஆட்டத்த பொம்மை வச்சு ஆடிக்கோ" என்றார் அத்தான்.

"முதல் பதிப்புல பொம்பளைக்கு வலிமை பதினாறுக்கு மேல போகக் கூடாதுன்னு இருந்துச்சு. ரெண்டாவதுல எடுத்தாங்க. அதுவும் கெட்டுப்போனதுன்னு சொல்லுவீங்களா?"

"ரெண்டாவதோட நிறுத்தியிருக்கணும்னு சொல்றேன்."

ஸ்பானர் கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பொத்திச் சிரித்தான். சிரித்த பிறகு யாரையும் பார்க்கவில்லை.

அவள் வந்தது இதற்கல்ல. புத்தகத்தின் கடைசியில், பழைய ஆட்டக்காரர்களுக்கென்று, எது எது மாறியது என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒரு வரியைப் படித்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து அந்த வரியின்கீழ் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "இரண்டாம் பதிப்பில், பூஜ்யமானவரின் காயத்தை அருகில் இருப்பவர் தம் முறையில் கட்டினால் அவர் பிழைப்பார். பக்கம் அறுபத்தொன்று. இந்த விதி நீக்கப்படுகிறது." பிறகு நிமிர்ந்தாள். "உங்க புக்குதான் அத்தான். எடுங்க அறுபத்தொண்ண."

அவர் எடுத்தார். தேடக்கூட இல்லை, நேராக அந்தப் பக்கம் விரிந்தது.

"இருக்கு" என்றார்.

"தெரிஞ்சே என்னக் கொன்னீங்க!"

"கட்டறேன்னு யாராவது சொன்னாத்தான் அந்த விதி. நானா சொல்லித் தர முடியாது. யாரும் சொல்லல."

"யாருக்குமே தெரியாதே! ஸ்பானர் அண்ணன் சுரங்கத்துக்கு மேல நின்னாரு. பக்கத்துல இருந்தது அக்கா. அவளுக்கு என்ன தெரியும் பாவம், புக்கையே தொறந்ததில்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

ஈரத்துணியால் மேசையின் மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"விடும்மா" என்றார் அத்தான் மனைவியிடம். அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசிச் சின்னவள் கேட்டதே இல்லை. நாலு மாதமாகத் தான் ஊரெல்லாம் ஏசித் திரிந்தபோது இந்த மனிதர் ஏன் ஒரு பதிலும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எதுக்கு விடணும்? எட்டு வருஷமா இவ பின்னாடி வெளக்கப் புடிச்சுக்கிட்டு நடந்தேன். பூட்டு ஒடைக்கறது இவ, பேரம் பேசறது இவ, ராஜாகிட்ட பரிசு வாங்கறது இவ. வீட்டுலயும் அப்படித்தான், ஆட்டத்துலயும் அப்படித்தான். அன்னிக்கு என் முறை வந்துச்சு. என்ன செய்யறேன்னு இவர் கேட்டார். ஒரு தடவைக்கு ரெண்டு தடவ கேட்டார். பாத்துக்கிட்டு நிக்கறேன்னேன்."

சின்னவளுக்கு அந்தக் கணம் நினைவிருந்தது. அதிர்ச்சியில் அக்காவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை என்றல்லவா அன்று நினைத்திருந்தாள்! அதற்காக இரக்கப்பட்டும் இருந்தாள்.

"வெறும் ஆட்டந்தானேக்கா" என்றாள். தன் குரல் இவ்வளவு சிறிதாக வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஆட்டந்தானே. அப்பறம் ஏன் நாலு மாசமா என் வீட்டுப் படி ஏறல?"

ஸ்பானர் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லாமலே தண்ணீர் குடிக்கப் போனான். அத்தான் பழைய புத்தகத்தை மூடினார். அவர் மனைவியையும் பார்க்கவில்லை, கொழுந்தியையும் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வாய்க்கு வந்த வசவுகளையெல்லாம் அவருக்கென்று சேர்த்துவைத்திருந்தாள் சின்னவள். இப்போது அவற்றை யார் தலையில் கொட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அட்டையைக்கூடப் பார்க்காமல், புதுப் பாத்திரம் உண்டாக்கும் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். அத்தானிடமிருந்து ஒரு வெற்றுத்தாளை உருவினாள்.

"பென்சில் குடு" என்றாள், நிமிராமலே.

சின்னவளின் கையில்தான் இருந்தது பென்சில். அவள் ஊன்றி அழுத்திய அழுத்தில் முனை முறிந்து, ஈர மேசைமேல் கரும்புள்ளியாய் விழுந்தது. அக்காவின் உள்ளங்கை அதன் பக்கத்தில் விரிந்தபடியே இருந்தது.