பின்பக்கத்து ஒப்பாரி

சோலையம்மாளின் முதல் இசைத்தட்டு இராமநாதபுரம் கடைத்தெருவுக்கு வந்து மூன்று வாரமாகியும் ஒன்றுகூட விற்கவில்லை. பாக்கர் பாய் கடையில் தட்டைப் போட்டதும் கூட்டம் என்னவோ கூடத்தான் செய்தது. தாலாட்டைக் கேட்டுத் தலையாட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் வாங்க நினைத்தவர் தட்டைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் 'ஒப்பாரி' என்று அச்சடித்திருக்கும். சூடு பட்டதுபோல வைத்துவிட்டுப் போய்விடுவார். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு யார் ஒப்பாரியை வாங்கிக்கொண்டு போவார்கள்?

தப்பு அவளுடையதுதான். சென்னையில் பாடிய அன்று, மறுபக்கத்துக்கு என்ன பாட்டு என்று கம்பெனிக்காரர் கேட்டார். மெட்டு ஒன்றுதான், சொல்லை மாற்றினால் ஒப்பாரி என்றாள் இவள். வேலை சுலபமாயிற்றே என்று அவருக்கும் சந்தோஷம். ஆனால் எதிரே பிணம் இல்லாமல் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. கடைசியில், சும்மா உட்கார்ந்திருந்த டோலக் வாசிப்பவர் பெஞ்சில் நீட்டிப் படுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து அவள் பாடிய பாட்டில், எழுந்தபோது அவர் கண்ணே கலங்கியிருந்தது.

இருபது வருஷமாக அவளைத் தேடி ஆள் வந்தால் எங்கோ சாவு என்று அர்த்தம். தொட்டில் கட்டும் வீட்டுக்கு அவளை யாரும் அழைத்ததில்லை. அதில் வருத்தம் என்று யாரிடமும் சொன்னதில்லை, தனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. தாலாட்டைப் பாடியபோதுதான் அது உள்ளே கிடந்தது தெரிந்தது. தான் போக முடியாத வீட்டுக்குத் தன் குரலாவது போகட்டும் என்று நினைத்தாள்.

"ஒரே வழிதான் சோலையம்மா," என்ற பாக்கர் பாய் மேசைமேல் ஓர் ஆணியை வைத்தார். "பின்பக்கத்தக் கீறிருவோம். ஒப்பாரி போச்சுன்னா நூறு தட்டும் பத்து நாள்ல பறந்துரும்."

அவள் புருஷன் கூத்தையா ஆணியை எடுத்தான். "நானே கீறுறேன் பாய். இத்தன வருசமா வீட்டுல இவ ஒப்பாரியக் கேட்ட கடுப்பு எனக்குத்தானே இருக்கு."

"நாளைக்கு உங்களுக்கு எவ பாடுவா? அப்பக் கெஞ்சக்கூட வாய் இருக்காது," என்றாள் சோலையம்மாள்.

பாக்கர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் கூத்தையா தட்டைத் தொட்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தை அவளே இன்னும் கேட்டதில்லை.

"ஒரு தடவ போடுங்க பாய். கேட்டுட்டுக் கீறிக்கிறலாம்."

ஊசி இறங்கியது. தாலாட்டைப் பாடியவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தி. இது அவளேதான். இதைக் கீறச் சொல்ல வாய் வராது என்று தெரிந்துபோயிற்று. தொட்டில் வீட்டு ஆசையையும் விட முடியவில்லை.

வாசலில் யாரோ விம்மினார்கள். காய்கறிப் பையோடு ஒரு பெண். ஊர் உச்சிப்புளி, பேர் செவ்வந்தி என்றாள்.

"எங்காத்தா செத்தப்ப நான் கொழும்புல கெடந்தேன். தனுஷ்கோடியில கப்பல் எறங்கி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. ரெண்டு வருசமா அழுக நெஞ்சுக்குள்ளயே கெடந்துச்சு. எனக்கு ஒண்ணு குடுங்க."

பாக்கர் பாய் தயங்கினார். "வீட்டுல சின்னப்பிள்ள இருக்கா தாயி?"

"இருக்கானே, மக வயித்துப் பேரன். பொறந்து இருவது நாளு."

"அப்ப இது ஆகாதே..."

"ஏன் ஆகாது? ஆத்தா செத்ததும் அந்த வீடுதான், இவன் பொறந்ததும் அங்கனதான். காலையில நான் அழுதுக்கிறேன், சாயங்காலம் திருப்பிப் போட்டு அவனத் தூங்க வைக்கிறேன். ஏய்யா, ஆணியத் தள்ளி வைங்க, மேல பட்றாம!"

கூத்தையா அவசரமாகக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கூட்டத்திலிருந்து இன்னும் மூன்று கைகள் நீண்டன. மூன்றும் கடலுக்கு அக்கரையில் சொந்தம் உள்ள கைகள்.

"பாட்டுப்பெட்டி இருக்குல்ல?" என்றார் பாக்கர் பாய்.

"கொழும்புல மருமகன்கிட்ட இருக்கு. பொங்கலுக்குத்தான் கொண்டு வாரான்."

"அதுவரைக்கும் என்ன செய்வீக?" என்ற கூத்தையா சோலையம்மாளைக் காட்டினான். "பாடுனது இவதான்."

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "அப்ப நீங்களே வந்துருங்க. வெள்ளிக்கிழம தொட்டில் கட்டுறோம்."

"நான் எழவு வீட்டுக்குப் போறவ தாயி."

"அது தெரியாமயா இம்புட்டு அழுதேன்? வாங்க."

யார் அழைத்தாலும் முதலில் பேரைக் கேட்டுக்கொள்வது சோலையம்மாளின் வழக்கம். பாட்டில் வைக்க வேண்டுமே. இதுவரை கேட்டதெல்லாம் செத்தவர்களின் பேர். செவ்வந்தியைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன பேரு வைக்கப்போறீக?" என்றாள்.