தம்மாமிலிருந்து வரும் நேர் விமானம்

மகன் ஷைஜு வேலை பார்க்கும் சவூதியின் தம்மாமிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ராத்திரி ஒரு நேர் விமானம் உண்டு, விடிந்தால் பிள்ளை வீட்டில் இருப்பான் என்பது ஜெயபாய்க்கு வேதவாக்கு. ஒவ்வொரு லீவுக்கும் அவளும் கணவர் ஈசாக்கும் பாறசாலையிலிருந்து கார் பிடித்துப் போய்த்தான் அவனை அழைத்து வருவார்கள். விமானக் கம்பெனிக்காரனே வந்து மறுத்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையில் ஈசாக் மாரடைப்பில் போனபோது அவள் யாரையும் கேட்கவில்லை. அடக்கம் எப்போது என்று போதகர் கேட்டதும் அழுகைக்கு நடுவே, “நாளைக்கு மத்தியானம் வச்சிரலாம் ஐயா. பிள்ளை வெளுப்பிலயே வந்திருவான், நேரா பிளைட்டு உண்டும்லா” என்றாள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபையில் அடக்கம் வைப்பதில்லை. கோயில் மைக்கிலும் அறிவித்தாயிற்று.

பிறகுதான் மகனுக்குப் போன் செய்து அப்பா போன சேதியைச் சொன்னாள். “அடக்கம் நாளைக்கு மத்தியானமாக்கும் மக்கா. மைக்கில சொல்லியாச்சு.”

“வாறேன் அம்மா” என்றான்.

அந்த விமானத்தைக் கம்பெனி நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு வருடமாக லீவே கிடைக்காத பிள்ளையின் தாய்க்கு அது எப்படித் தெரியும்? அவன் மும்பை போய், அங்கே காத்துக் கிடந்து, கொச்சியில் இறங்கி டாக்ஸி பிடித்தான்.

மறுநாள் மத்தியானம் ஜெயபாய் வீட்டு கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். போதகர் ஜெபத்தை நீட்டிப் பார்த்தார். பாட்டுகளைக் கூட்டிப் பாடினார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் பெட்டியை மூடினார்கள்.

ஷைஜு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. குழியை மூடிய மண்மேல் பூவளையங்கள் கிடந்தன.

“எலே, பிளைட்டு இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?” என்று அவன் நெஞ்சில் அடித்து அழுதாள் ஜெயபாய்.

“சொன்னா திங்கக்கிழமை வரைக்கும் அப்பாவ ஐஸ் பெட்டியில போடணும். எனக்கு மனசு வரல்ல. எப்படியும் அடக்கத்துக்கு முன்ன வந்து எத்திரலாம்னு நெனச்சேன்.”

அவன் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சின்னப் பிள்ளைபோலக் கேட்டான்.

“கடைசியில அப்பாக்க மொகம் எப்பிடி அம்மா இருந்துது?”

ஜெயபாய் அந்த மண்மேல் கையை வைத்தாள்.

“தெரியல்ல மக்கா. மூடுறதுக்கு முன்ன எல்லாரும் பாத்தாவ. நான் பாக்கல்ல. நீ வாறியான்னு ரோட்டப் பாத்துட்டு நின்னேன்.”