சுடாத மண்

மண்ணைப் பற்றித் தனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது ஐங்கரனின் எண்ணம். வன்னியில் செங்கல் சூளையில் சுமை தூக்கியே முதுகு கூனிப்போன குடும்பம் அவனுடையது. கல்லைத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும், அது வெந்த கல். ‘தொப்’ என்றால் பச்சைக்கல். அவனுடைய தாய் கண்ணை மூடிக்கொண்டே பிரித்து அடுக்குவாள்.

ஜெர்மனியில் அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். விமானம் ஏற்ற இருந்த நேரத்தில், அவன் தங்கியிருந்த எசன் நகரத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்திலுள்ள ஒரு அருங்காட்சியகப் பட்டறை அவனை அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கு எடுத்தது. தொழில் பழகும்வரை ஊருக்கு அனுப்பமாட்டார்கள். பயிற்சி நின்றால் அனுப்பிவிடுவார்கள்.

பட்டறைக்கு வருவதெல்லாம் ஈராக் பக்கத்து மண்பலகைகள். நாலாயிரம் வருடத்துக்கு முன் அரண்மனைக் கணக்கர்கள் ஈர மண்ணில் நாணல் குச்சியால் குத்திக் குத்தி எழுதி, அறை அறையாக அடுக்கி வைத்தவை. உப்புப் பூத்தால் எழுத்து உதிர்ந்துவிடும். சுட்ட பலகை என்றால் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கலாம். சுடாததைத் தண்ணீர் தின்றுவிடும். எது எதுவென்று பட்டறைத் தலைவி லோரன்ஸ் அம்மா சோதித்துச் சொன்ன பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். முதல் நாளே சொன்ன சட்டம் அது.

ஒருநாள் அவள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். உள்ளங்கையளவு பலகை ஒன்று உப்புப் பூத்துக் கிடந்தது. ஐங்கரன் நகத்தால் தட்டினான். ‘ணங்.’ சந்தேகமே வரவில்லை. தொட்டியில் இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது தண்ணீர் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. பலகைகளை வாசிக்கும் ஆராய்ச்சி மாணவி ஹரிப்ரியா தொட்டிக்குள் பார்த்தபடி நின்றாள்.

“அண்ணா, இதை யார் தண்ணில போட்டது?”

“நான்தான் பிள்ளை. தட்டிப் பாத்தனான். நல்லா வெந்த சத்தம்.”

“அது மேல பூசின பழைய வார்னிஷ் போட்ட சத்தம்ணா! யாரோ எப்பவோ பூசினது. உள்ள பச்சை மண்ணு. மேடத்துக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாம்ல?”

“கல்லுத் தட்டுறதுக்கு மெயில் என்னத்துக்கு எண்டு நினைச்சன்.”

வெங்காயத் தோல் போல வார்னிஷ் மேலே மிதந்தது. கீழே சேறு.

“படம் எடுத்து வைச்சிருக்கிறியளோ?”

“உப்பு போகட்டும்னுதானே வெயிட் பண்ணேன். முதல் வரி மட்டும் படிச்சேன். செங்கல் சுமக்கிறவங்களுக்குக் குடுத்த பார்லி. கீழ அவங்க பேருங்க.”

“என்ன பேருகள்?”

“தெரியாதுண்ணா. இனிமே யாருக்கும் தெரியாது.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “தொட்டியைக் கழுவி விடுவமே? இப்பிடியொரு பலகை வந்ததே தெரியாது எண்டு சொல்லலாம்.”

“போலீஸ் வரும். ரெண்டு பேரையும் கேக்கும். நானும் விசாவுலதான் இங்க இருக்கேன்.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

லோரன்ஸ் அம்மா வந்து தொட்டியைப் பார்த்தாள். ஐங்கரனே நடந்ததைச் சொன்னான். சத்தம் போடவில்லை. மேலங்கியைக் கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தாள். பிறகு, அவனுக்கு விளங்க வேண்டுமென்று ஜெர்மனை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பயிற்சியின் சோதனைக்காலம் இன்னும் முடியவில்லை. இனி அவனை வைத்திருக்க அவளால் முடியாது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

தரை கூட்டுகிறேன் என்றான். சம்பளம் வேண்டாம், ஒரு மூலையில் விட்டால் போதும் என்றான். அவள் முடியாதென்று தலையை ஆட்டினாள். கண் சிவந்திருந்தது. அதனால் அவனுக்கு ஆனது ஒன்றுமில்லை.

பிறகு அவள் ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தாள். சேற்றை எறியக்கூடாதாம். காயவைத்து அதே இலக்கத்தில் பாதுகாக்க வேண்டுமாம். தண்ணீரை மெல்ல வடித்துவிட்டு ஐங்கரன் கரண்டியால் அள்ளத் தொடங்கினான். ஹரிப்ரியா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்கு வரவேணுமோ?” என்று ஜெர்மனில் கேட்டான்.

“வேண்டாம்” என்றாள் லோரன்ஸ் அம்மா.

தொட்டியின் மூலையில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக் கிடந்தது. அவன் குனிந்து அதைச் சுரண்டினான்.