சுண்ணாம்புக் குறி

பதினோரு வருசமாகத் தட்டியது என் கை, பேர் வாங்கியது குப்புசாமி.

மலைமேல் எங்கள் குண்டனி நாட்டு ஊர்களில் பலாவை மரத்திலேயே பழுக்க விட்டால் குரங்குக்குத்தான் விருந்து. முற்றின காயை வெட்டி, தலையில் சுமந்து அடிவாரத்து முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு இறக்க வேண்டும். ரோடு கிடையாது, கல்லும் வேருமாக அரை நாள் நடை. முந்தி வெட்டினால் வெம்பிப் போகும். பிந்தி வெட்டினால் பாதி வழியிலேயே பிளந்து சுமப்பவன் முகத்தில் வழியும். அதனால் காயைத் தட்டிப் பார்த்து, இது வெட்டின மூன்றாம் நாள் பழுக்கும், இது ஐந்தாம் நாள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொன்னவர் காம்புக்குக் கீழே சுண்ணாம்பால் தன் குறியைப் போடுவார். பழம் இனித்தாலும் அழுகினாலும் சந்தையில் பேரும் ஏச்சும் குறிக்காரருக்குத்தான்.

எங்கள் ஊர்க் காய்க்குக் குறி போடுகிறவர் ஊர்க்கவுண்டரின் தம்பி குப்புசாமி. "சும்மா கூட வா புள்ள" என்று என்னைக் கூட்டிப் போவார். நான் தட்டி மெதுவாகச் சொல்வேன். அவர் அதையே உரக்கச் சொல்லிக் குறி போடுவார். அவருக்குப் பலாக்காயும் ஒன்றுதான், பாறாங்கல்லும் ஒன்றுதான்.

ஏன் பொறுத்தாய் என்று கேட்பீர்கள். கைராசி உள்ளவள் அதைத் தன் வாயால் சொன்னால் ராசி கையை விட்டுப் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம். யாராவது என்னைப் புகழ்ந்தால், "எனக்கென்னங்க தெரியும்" என்று தலையைக் குனிந்துகொள்வேன். நல்ல பெண் என்றார்கள்.

பதினோராவது வருசம், சந்தையில் எங்கள் காயை வாங்கும் வியாபாரி நாச்சிமுத்து சேலத்துக்கு லாரியில் பழம் அனுப்ப ஏற்பாடு செய்தார். குண்டனி நாட்டு ஊர்கள் எல்லாவற்றுக்கும் தட்டிப் பார்க்க ஒரே ஆள் வேண்டும், பருவம் முழுக்கச் சம்பளம் என்று சொல்லி அனுப்பினார். வேலை குப்புசாமிக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவரும் என் வாசலில் வந்து நின்று, "இனிமே நாலு ஊருக்குப் போவணும். நீயும் சும்மா கூட வந்துரு" என்றார்.

அந்தச் 'சும்மா'வில் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் கோபத்தோடு நாச்சிமுத்து முன்னால் போய் நின்று உளற நான் தயாராக இல்லை. எனக்கு என்ன தெரியும் என்பது எனக்கே சரியாகத் தெரியாதே! அடக்கமாகப் பேசிப் பேசி என்னை நானே ஏமாற்றி வைத்திருந்தேன். எங்கள் கொல்லையில் இருந்த மரங்களிலேயே ஆரம்பித்தேன். ஒரு காயைத் தட்டி, "இது நாலாம் நாள் பழுக்கும். எனக்குத் தெரியும்" என்று சத்தமாகச் சொன்னேன்.

மாமியார் கண்ணாயி பதறிப் போய் என் வாயைப் பொத்தினாள். "ஐயோ, வேண்டாஞ்சாமி! கை போயிருமே!"

நாலாம் நாள் காலையில் பழ வாசனை வீட்டைத் தூக்கியது. கை எங்கேயும் போகவில்லை.

குதித்தேன். ஆனால் அந்த மாதத்திலேயே சில காய்கள் என் மூக்கை உடைத்தன. வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து யோசித்தேன். நாள் தப்பியவை எல்லாம் மழையில் நனைந்தவை, இல்லையென்றால் மண்ணை ஒட்டிக் காய்த்த வேர்ப்பலா. நனையாமல் காய்ந்திருந்த காயில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

நாச்சிமுத்து மலையேறி வந்த அன்று, காய் குவித்த களத்தில் ஊரே நின்றது. குப்புசாமி சுண்ணாம்புக் கலயத்தோடு முன்னால் இருந்தார். கண்ணாயி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் போனேன்.

"ஏனுங்க, பதினோரு வருசமா இவரு குறி போட்ட காயெல்லாம் நான் தட்டுனதுங்க. இந்த வேலைய எனக்குக் குடுங்க."

"வெயில்ல கிறுக்குப் புடிச்சுருச்சு போல" என்று குப்புசாமி சிரித்தார்.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "உனக்கு என்ன தெரியும் அம்மணி?"

"காஞ்ச காய்க்கு நாள் தப்பாம சொல்லுவனுங்க. நனைஞ்ச காயும் வேர்ப்பலாவும் எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்லி வேலை கேக்கற மொத ஆளு நீதான்."

"எனக்கு எல்லாக் காயும் தெரியுமுங்க" என்றார் குப்புசாமி.

"அப்ப நீங்களே தட்டுங்கண்ணா" என்று பத்தடி தள்ளி நின்றுகொண்டேன்.

அவர் ஒரு காயைத் தட்டினார். தட்டிவிட்டு, பழக்க தோஷம், என் முகத்தைப் பார்த்தார். நான் எதிர் மலையைப் பார்த்தேன். இன்னொரு தடவை தட்டினார். கண் மறுபடியும் என்னிடமே வந்தது. களத்தில் அதைப் பார்க்காதவர் இல்லை. நாச்சிமுத்து ஒன்றும் கண் தெரியாதவர் அல்ல.

"சரி, நீயே தட்டு" என்றார். "குறி மட்டும் அவருதே இருக்கட்டும். காய் கெட்டா சேலத்துக்காரன் வாய்க்கு வந்தபடி ஏசுவான். பொம்பளை, உனக்கெதுக்கு அந்தப் பொல்லாப்பு?"

இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அந்த ஏச்சும் எனக்குத்தானுங்க வேணும். மழை நாள்ல எறக்குன சுமைக்கெல்லாம் சந்தையில இவரைத்தானே நிக்க வெச்சு ஏசுனீங்க? அத்தனையும் நான் பண்ணுன தப்புங்க. நல்லதையும் இவருக்குக் குடுத்தேன், தப்பையும் இவரு தலையில கட்டுனேன். இனிமே ரெண்டும் என்னுது. என் குறி இல்லாம என் கை ஒரு காயையும் தொடாது."

குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஏச்சுகளை அவர் மறந்திருக்க மாட்டார்.

நாச்சிமுத்து அவர் கையிலிருந்த கலயத்தை வாங்கி என் முன்னால் வைத்தார். "எங்கே, உன் குறியைப் போடு பாக்கலாம்."

என்ன குறி என்று நான் யோசித்தே வைக்கவில்லை. முதல் காயைத் தட்டினேன். "அஞ்சாம் நாள்" என்று களம் முழுக்கக் கேட்கச் சொன்னேன். மூன்று விரலைச் சுண்ணாம்பில் தோய்த்து, காம்புக்குக் கீழே அழுத்தி இழுத்தேன். முள் குத்தியது. விரலை எடுக்கவில்லை.