வெண்கலத் தூள்

அந்த வீட்டில் கார் மனைவியுடையது. கல்யாணத்துக்கு முன்பே, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. வாங்கும்போதே அது பழைய கார்தான். உருண்டை விளக்குகளும் உப்பிய கன்னங்களுமாக வெளிர்பச்சையில் நிற்கும். அதற்குச் 'சின்னவள்' என்று பெயர் வைத்திருந்தாள். "சின்னவளுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?" என்று வாசலில் நின்று அவள் கேட்டால், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் உள்ளே ஒரு குழந்தை இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

கணவன் லிப்ட் மெக்கானிக். சின்னவளைப் பழுது பார்ப்பது அவன் பொறுப்பு. அதில் அவன் ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் மேடு ஒன்று இருந்தது. அதில் சின்னவள் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவாள். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டான். மனைவி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போங்க சாமி, உங்களுக்குத்தான் அவசரம்" என்று வழிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவனுக்குத்தான் காது சிவக்கும்.

பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் ஒருநாள் ஒரு வேனைப் பார்த்தான். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. சின்னவளின் எஞ்சினைப் போல் ஒன்றரை மடங்கு பெரிய எஞ்சின். டேப் வைத்து அளந்தான். எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள தகட்டைக் கொஞ்சம் வெட்டிப் பின்னால் தள்ளினால் உட்கார்ந்துவிடும் என்று தெரிந்தது. அதன்பிறகு அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தான்.

"இப்ப இருக்கறதுக்கு என்ன குறைச்சல்?" என்றாள் மனைவி. "ஓடற எஞ்சினை யாராவது கழட்டுவாங்களா? ஓடாம போச்சுன்னா அப்ப பாத்துக்கலாம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். அவனுக்கு அந்த 'ஓடாம போச்சுன்னா' மட்டும் காதிலேயே தங்கிவிட்டது.

வேலைசெய்த கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் இருக்கும் அறையில், சுழலும் தண்டைத் தாங்கும் வெண்கல வளையம், தேய்ந்துபோன புஷ் ஒன்று மூலையில் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்து வைஸில் பிடித்து, மெல்லிய அரத்தால் ஒரு காகிதத்தின்மேல் ராவினான். இரும்புத் தூள் சரிப்படாது, எஞ்சின் பேரிங் தேய்ந்தால் வரும் தூளுக்கு இந்த மஞ்சள் மினுக்கம் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. பொய்யையும் அப்படித்தான் செய்தான். காகிதத்தை மடித்து டிபன் கேரியரின் மேலடுக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

விடுமுறையன்று ஷெட்டில் ஆயில் மாற்றினான். தட்டில் இறங்கிய கறுப்பு எண்ணெயில் தூளைக் கொட்டி விரலால் கலக்கினான். பிறகு குரல் கொடுத்தான்.

"கொஞ்சம் இங்க வாயேன்."

ஈரக்கையோடு வந்தாள். அவன் எண்ணெய் தோய்ந்த விரலை வெளிச்சத்தில் காட்டினான்.

"என்ன இது, மினுக்குது?"

"பேரிங். உள்ள தேஞ்சு தூளா வருது. இப்படியே ஓட்டினா ஒருநாள் நடுரோட்டுல எஞ்சின் இறுகிப்போயிடும்."

"சரி பண்ண முடியாதா?"

"இந்தப் பழைய எஞ்சினுக்கு இப்ப பேரிங்குக்கு எங்க போறது?"

கூர்ந்து பார்ப்பதே அவள் தொழில். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவன் விரலைப் பிடித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தான். அவளோ பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழ ஆரம்பித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் கைக்கு எட்டிய துணியை எடுத்துக் கொடுத்தான். அதிலிருந்த எண்ணெய் அவள் கன்னத்தில் கறுப்புக் கோடாக இழுத்துக்கொண்டது. அதைக்கூட அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"சரி," என்றாள் கடைசியில். "அந்த வேன் எஞ்சினையே போட்டுடலாம்."

நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை.

எஞ்சினை மாற்றும் நாட்களில் அவள் ஷெட் பக்கம் வரமாட்டாள் என்று நம்பியிருந்தான். அவளோ அவனுடைய பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். "சின்னவளுக்கு ஆபரேஷன் நடக்கும்போது நான் உள்ள உக்காந்து டிவி பாக்கவா?" என்றாள். கழற்றிய போல்ட்டுகளைக் கடையிலிருந்து கொண்டுவந்த மூக்குக்கண்ணாடிக் கூடுகளில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று மூடியில் எழுதி வைத்தாள். உத்தரத்தில் செயின் பிளாக்கைக் கட்டிப் பழைய எஞ்சினைத் தூக்கியபோது, அது ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். தரையில் இறக்கியதும் அதன் தலையில் லேசாகத் தட்டிக் கொடுத்தாள்.

தகட்டை எங்கே வெட்டுவது என்று சாக்பீஸால் கோடு போட்டதும் அவள்தான். இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தினமும் அளக்கிற கை. கோடு மயிரிழை பிசகவில்லை. பெரிய ரேடியேட்டர் வந்தது. எஞ்சின் பின்னால் தள்ளிப்போனதால், சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்டை லேத் பட்டறையில் வெட்டிச் சிறிதாக்கிக் கொண்டுவந்தார்கள். "வேகம் கூடினா நிக்கறதும் கூடணும்ல?" என்று அவள் சொன்னதால் வேனின் பிரேக்கையும் சேர்த்து மாட்டினான். ஷெட்டிலேயே காகிதத்தை விரித்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் மூக்கில் இருந்த கிரீஸைப் பார்த்து மற்றவர் சிரித்தார்கள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இப்படி ஒட்டிக்கொண்டு அவர்கள் இருந்ததில்லை. சொல்லிவிடலாம் என்று அவன் எத்தனையோ முறை வாயைத் திறந்தான். அவள் நிமிர்ந்து பார்த்து, "என்ன, பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரா?" என்பாள். ஆமாம் என்று வாங்கிக்கொள்வான்.

எஞ்சின் ஓடியது. அவளே ஓட்டினாள். பாலத்து மேட்டில் கியரைக் குறைக்காமலே சின்னவள் ஏறினாள். ஒரு லாரியைத் தாண்டியதும் மனைவி சின்னப் பெண்ணைப் போல் சிரித்தாள்.

"ஏங்க, பாத்தீங்களா அந்த ஆள் மூஞ்சிய?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையாட்டினான்.

பழைய எஞ்சினைக் காதும் காதும் வைத்தாற்போல் பழைய இரும்புக்குப் போட்டுவிட நினைத்திருந்தான். அதற்குள் அவள் தம்பி கேட்டுவிட்டான். அவன் ஊருக்கு வெளியே மரப்பட்டறை வைத்திருந்தான். அங்கே கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். எங்கேயாவது பேரிங் செய்து வாங்கி இந்த எஞ்சினில் போட்டு, ரம்பத்தை ஓட்டப் பார்க்கிறேன் என்றான்.

"அது எதுக்கு ஆகும்?" என்றான் கணவன்.

"ஆகுதோ ஆகலையோ, அவன்கிட்ட இருந்தா கண்ணு முன்னாடி இருக்கும்" என்று சொல்லித் தூக்கி அனுப்பிவிட்டாள்.

சில வாரங்கள் கழித்து மைத்துனன் வீட்டுக்கு வந்தான். கையில் செய்தித்தாள் பொட்டலம். மேஜையில் பிரித்து வைத்தான். உள்ளே பேரிங் தகடுகள். ஒரு கீறல் இல்லை.

"மாமா, உங்க கணக்கும் தப்பும் போல இருக்கே" என்று சிரித்தான். "புதுசு மாதிரி இருக்கு. இதையா போச்சுன்னீங்க?"

தப்பித்துக்கொள்ள வாசல் அகலத் திறந்திருந்தது. தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். அவன் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"இல்லடா. அவர் சும்மா சொல்றவர் இல்ல. என் கண்ணால நானே பாத்தேன், ஆயில்ல மஞ்சளா மினுக்குச்சு. பேரிங் இல்லன்னா உள்ள வேற எதுவோ தேயுது. என்னன்னு தெரியாம அதுல ரம்பத்தை மாட்டாத. சுத்தும்போது உடைஞ்சா கை போயிடும்."

தம்பியின் சிரிப்பு அடங்கிவிட்டது. "அதுவும் சரிதான்க்கா. முழுசாப் பிரிச்சுப் பாத்துடறேன்."

அதன்பிறகு அவனிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிடுவாள். "பிஸ்டன் புஷ் எல்லாம் பாத்துட்டேன்க்கா, நல்லா இருக்கு." "ஆயில் பம்ப் பாத்தியா?" "அதுவும் பாத்துட்டேன்." "அப்ப டைமிங் செயின் பக்கம் பாரு." இல்லாத ஒன்றை இரண்டு பேரும் அவ்வளவு அக்கறையாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். "மாமா என்ன சொல்றாரு?" என்று மறுமுனையில் கேட்கும். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டு, "பாக்கணும்" என்பான். இதற்கு நடுவே கரண்ட் இல்லாமல் மைத்துனனின் கதவு வேலைகள் பாதியில் நின்றன. அதையும் அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"நாமளே போய் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் மனைவி ஒரு விடுமுறை நாளில். கடையிலிருந்து பூதக்கண்ணாடியையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பட்டறையில் சாக்குகளை விரித்து, எஞ்சினைக் கடைசித் திருகாணி வரைக்கும் பிரித்துப் பரப்பியிருந்தான் மைத்துனன். மனைவி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாகப் பார்க்க ஆரம்பித்தாள். கணவன் தூணோரம் நின்றான்.

"பாக்காதது இது ஒண்ணுதான்" என்றான் மைத்துனன். எஞ்சின் பிளாக்கைத் திருப்பி, உளியை உள்ளே ஒரு புஷ்ஷின் விளிம்பில் வைத்துச் சுத்தியலை எடுத்தான். "அடிச்சு எடுத்தா இது ஒடஞ்சுடும். வேற கெடைக்காது. எஞ்சினும் அதோட முடிஞ்சது. ஆனா பாக்காம விட மனசு கேக்கல."

"அடி, பரவால்ல" என்றாள் அக்கா.

"அடிக்காத" என்றான் கணவன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுல ஒண்ணும் இருக்காது. எதுலயுமே இருக்காது. அந்தத் தூளை நான்தான் போட்டேன்."

மைத்துனன் சுத்தியலைக் கீழே வைத்தான். மாமாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "டீ சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போனவன் வெகுநேரம் திரும்பவில்லை.

மனைவி கையிலிருந்த பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எதோட தூள்?"

"வேலை செய்யற எடத்துல ஒரு புஷ் கெடந்துச்சு. ராவினேன்."

"எதுல கொண்டுவந்தீங்க?"

"டிபன் கேரியர்ல. மேல் அடுக்குல."

"மறுநாள் அதுல நான் சாப்பாடு கட்டினேனே."

"கழுவிட்டுத்தான் வெச்சேன்."

"அதையாவது செஞ்சீங்களே." பல்சக்கரத்தைச் சாக்கில் வைத்தாள். "அன்னிக்கு நான் அழுதேன்."

"ஆமா."

"பாத்துக்கிட்டு நின்னீங்க."

"ஆமா."

"அப்புறம் ஷெட்டுல அத்தன நாள். நான் என்னென்னவோ பேசிக்கிட்டு இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"நான் கேட்டேன். நீ வேணாம்னுட்ட" என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று அவனுக்கே உறைத்தது.

"ஒரு தடவை வேணாம்னேன். இன்னொரு தடவை கேக்கறதுக்கு என்ன? மறுபடியும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். மூணாவது தடவை கேட்டிருக்கணும். சண்டை போட்டிருக்கணும். அதுக்குப் பேருதான் குடும்பம் நடத்தறது."

"பழைய எஞ்சினையே திருப்பிப் போட்டுடறேன்."

"எங்க போடுவீங்க? அந்தத் தகட்டை வெட்டறதுக்குக் கோடு போட்டதே நான்தான்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். "அதோட, எனக்கு இப்ப அந்த வண்டி புடிச்சுப்போச்சு. மேட்டுல ஏறும்போது சந்தோஷமா இருக்கு. அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது."

பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டாள். "இதை முழுசா மாட்டி, ஓட வெச்சுக் குடுத்துட்டு வாங்க" என்றாள். வெளியே சின்னவள் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அன்று அவன் பஸ்ஸில் வீடு திரும்பினான். அதற்குப் பிறகு வந்த விடுமுறை நாட்களிலெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பட்டறையில் உட்கார்ந்தான். மைத்துனன் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசினான். மாமா என்று கூப்பிடுவதை விட்டிருந்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒருவழியாக எஞ்சின் முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. பெல்ட்டை மாட்டி ரம்பத்தை ஓட்டினான் மைத்துனன். பலகை வெண்ணெயாக அறுபட்டது. அவன் இவன் பக்கம் பார்க்காமலே, "தள்ளி நில்லுங்க மாமா, சிராய் தெறிக்கும்" என்றான். இவன் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

வீட்டில் அவள் சண்டை எதுவும் போடவில்லை. நடந்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. சமைத்தாள், கடைக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சின்னவளைத் தானே ஓட்டினாள், ஆயிலையும் தானே பார்த்துக்கொண்டாள். அவனும் சாவியைக் கேட்கவில்லை.

ஒரு மாலை வாஷிங் மெஷின் நின்றுபோனது. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெல்ட் போச்சு" என்றான் அவன். முன்பெல்லாம் அந்த வீட்டில் இவ்வளவு சொன்னால் போதும். இப்போது அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, குந்தி உட்கார்ந்து, பெல்ட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். வெடிப்பு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தாள். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று அவன் மெஷினை இன்னும் கொஞ்சம் வெளியே நகர்த்திக் கொடுத்தான்.

"ஆமா, போயிருக்கு" என்றாள்.

மெஷினுக்குள் துணி தண்ணீரோடு கிடந்தது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பெரிய படுக்கை விரிப்பு வந்ததும் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவள் ஒரு பக்கமும் அவன் மறுபக்கமுமாக முறுக்கினார்கள். தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

அவன் முறுக்கினான்.